கவ்வாஸின் ஊசி: இஹ்யாவின் தவக்குல் நூல் – ஒரு மறுவாசிப்பு

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ‘இஹ்யா உலூமித்தீன்’ நான்கு பாகங்களாகவும், பாகத்திற்குப் பத்தாக நாற்பது நூல்களாகவும் வகுக்கப்பட்டது என்பதை யாவரும் அறிவர். அவற்றுள் 35ஆவது நூல் ‘தவ்ஹீதும் தவக்குலும்’. வாழ்வாதாரம், வருவாய், வறுமை ஆகியவை குறித்து நம் பள்ளிவாசல் மேடைகளில் ஆற்றப்படும் உரைகளுக்கு ஊற்றுக்கண்ணாக இருப்பது பெரும்பாலும் இந்நூலே. பேசுபவர் அதன் பெயரைச் சொல்லாவிடினும், அவர் கூறும் நிகழ்ச்சிகள் இதிலிருந்து எடுக்கப்பட்டவையாகவே இருக்கும். இதே இஹ்யாவின் இரண்டாம் பாகத்தில், 13ஆவதாக, ‘பொருளீட்டலின் ஒழுக்கங்கள்’ என்றொரு நூல் உண்டு. அதை மேடையில் கேட்பது அரிது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து வாசிப்பவர் அதனினும் அரியர்.

ஒரே ஆசிரியர் ஒரே தொகுதியில் எழுதிய இரு நூல்களைப் பிரித்து, ஒன்றை ஓதி மற்றொன்றை மூடி வைத்ததால் நேர்ந்த பிழை யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அப்பிழையில் எனக்கும் பங்குண்டு என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், எங்கள் கல்லூரியில் ஓதிப் பட்டம் பெற்ற மாணவர் ஒருவர் சிற்றூர்ப் பள்ளிவாசல் ஒன்றில் இமாமாக இருந்தார். மனைவி, இரு குழந்தைகள், வயது முதிர்ந்த தாயார் ஆகியோரைக் காக்க வேண்டிய பொறுப்பு அவருக்கு இருந்தது. பள்ளிவாசல் தந்த ஊதியம் மாதத்தின் பாதியைக்கூடத் தாண்டவில்லை. லுஹருக்கும் அஸருக்கும் இடையே வீட்டில் தையல் இயந்திரத்தில் அமர்ந்து நாலு துணி தைத்தால் குறை தீரும் என்று எண்ணினார். இமாம் தையல்காரராக இருப்பது பள்ளிக்கு அழகன்று என நிர்வாகம் தடுத்தது. ஊதியத்தை உயர்த்துமாறு கேட்டபோது, ரிஸ்கு அல்லாஹ்விடம் இருக்கிறது, ஓதியவருக்கே தவக்குல் இல்லையென்றால் எப்படி என்று பதில் வந்தது. அவர் என்னிடம் வந்தார். நானோ இஹ்யாவைத் திறந்து, கட்டுச்சோறின்றிப் பாலைகளைக் கடந்த இப்ராஹீம் அல்-கவ்வாஸ் (ரஹ்) அவர்களின் நிலையை எடுத்துக் கூறிப் பொறுமை சொன்னேன். “சரி ஹஸ்ரத்” என்று சொல்லிச் சென்றார். ஓராண்டுக்குள் இமாமத்தை விட்டு வளைகுடா நாடொன்றில் கிடங்கு வேலைக்குப் போய்விட்டார்.

அதன்பின் ஒரு நாள் அதே அத்தியாயத்தை வகுப்பில் நடத்தும்போது, முன்பு எத்தனையோ முறை கடந்து சென்ற ஒரு வரி என்னை நிறுத்தியது. கவ்வாஸ் (ரஹ்) அவர்கள் தம் பாலைப் பயணங்களில் ஊசி, கத்தரி, கயிறு, தோல்வாளி ஆகிய நான்கையும் ஒருபோதும் பிரிந்ததில்லை என்றும், இவை தவக்குலுக்கு மாறானவையல்ல எனக் கருதினார் என்றும் கஸ்ஸாலி (ரஹ்) எழுதுகிறார். காரணத்தையும் அவரே விளக்குகிறார். பாலையில் நீர் நிலத்தின் மேல் கிடப்பதில்லை, கிணற்றுக்குள் இருக்கும். வாளியும் கயிறும் வழியில் கிடைக்கமாட்டா. உடுத்திய ஒற்றை ஆடை கிழிந்தால் மானம் மறைக்க ஊசி வேண்டும். தையல் ஊசியைக் கையில் எடுக்க அனுமதி கேட்டு வந்தவருக்கு, ஊசியைப் பிரியாத பெரியாரின் கதையை, ஊசியை மட்டும் நீக்கிவிட்டுச் சொல்லியிருக்கிறேன்.

நூலின் கட்டமைப்பு

தவக்குல் நூல் பொருளாதார அறிவுரையோடு தொடங்கவில்லை, தவ்ஹீதோடு தொடங்குகிறது. ஏகத்துவ நம்பிக்கைக்கு வாதுமைக் கொட்டையைப் போன்று நான்கு நிலைகள் உண்டென்று, மேல்தோல், ஓடு, பருப்பு, பருப்பினுள் உறையும் எண்ணெய் என உவமிக்கிறார் இமாம். செயல்கள் யாவும் ஒருவனிடமிருந்தே தோன்றுகின்றன என்ற காட்சி உள்ளத்தில் உறுதிப்படும்போது விளையும் நிலையே தவக்குல் என்பது அவர் துணிபு. ஆகவே தவக்குல் முதலில் ஓர் அறிவு, பிறகு ஓர் உளநிலை, அதன் பிறகே செயல். இவ்வரிசையை மறந்து செயலிலிருந்து தொடங்குபவர், அதாவது வேலையை விடுவதிலிருந்து தொடங்குபவர், நூலைத் தலைகீழாகப் பிடிக்கிறார்.

உளநிலையை விளக்க அவர் மூன்று உவமைகளைக் கையாள்கிறார். வழக்கில் தனக்காகப் பேச ஒருவரை நியமித்தவன் அவர்மீது வைக்கும் நம்பிக்கை முதலாவது. தாயையன்றி வேறெவரையும் அறியாத குழந்தையின் நிலை இரண்டாவது. குளிப்பாட்டுபவர் கையில் மையித்து இருப்பதைப் போன்ற நிலை மூன்றாவது. மேடைகளில் பெரிதும் எடுத்துரைக்கப்படுவது இம்மூன்றாவது உவமையே. ஆனால் இமாம் விரித்துப் பேசுவது முதலாவதைத்தான். அந்தச் சொல் தமிழர் நாவிலும் ‘வக்கீல்’ என்றே வழங்குகிறது. தவக்குலும் வக்கீலும் ஒரே வேரிலிருந்து கிளைத்த சொற்கள். தன் வக்கீல் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வாதாடுவார் என்ற வழக்கத்தை அறிந்த கட்சிக்காரன், அப்பத்திரத்தை எடுத்துச் செல்வது அவர்மீதுள்ள நம்பிக்கைக்குக் குறையாகுமா? ஆகாது, எடுத்துச் செல்வதே நம்பிக்கையின் நிறைவு என்கிறார் இமாம். அல்லாஹ் இவ்வுலகில் வகுத்துள்ள வழமையை அறிந்து அதன்படி நடப்பதும் அத்தகையதே.

இந்த அடித்தளத்தின்மீது காரணங்களை மூன்றாகப் பிரிக்கிறார்: உறுதியானவை, பெரிதும் நம்பத்தக்கவை, வெறும் ஊகமானவை. முன்னால் உணவிருக்கக் கை நீட்டாதிருப்பதும், விதைக்காமல் விளைச்சலை எதிர்பார்ப்பதும் முதல் வகைக்கு எதிரானவை. இவற்றை அவர் தவக்குல் என்று ஒப்புவதில்லை. பைத்தியம் என்றே கூறுகிறார். கட்டுச்சோறின்றிப் பாலை கடப்பது இரண்டாம் வகையைக் கைவிடுவதாகும். அதற்கு இரு நிபந்தனைகள் விதிக்கிறார்: ஒரு வாரமளவு பசி பொறுக்கப் பழகிய உடலும் உள்ளமும் வேண்டும், புல்பூண்டைத் தின்று உயிர்வாழும் வலிமையும் வேண்டும். நீரும் புல்லும் இல்லாத, மனிதர் கடந்து செல்லாத மலையிடுக்கில் போய் அமர்பவன் பாவி, தன் அழிவைத் தானே தேடுபவன் என்று தீர்ப்பளிக்கிறார்.

அடுத்து வருவது சேமிப்பு. தனியனுக்கு ஒரு விதி, குடும்பத்தானுக்கு வேறு விதி. குடும்பமுடையவன் ஓராண்டுக்குரிய உணவைச் சேமித்து வைப்பதால் தவக்குலிலிருந்து வெளியேறுவதில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் குடும்பத்தாருக்கு ஓராண்டு உணவை ஒதுக்கி வைத்தார்கள் என்ற செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. இதனினும் முக்கியமான ஒன்றையும் இமாம் கூறுகிறார். ஒருவன் தான் பசித்திருக்கலாம். தன்னைச் சார்ந்தோர்மீது பசியைச் சுமத்தி, அதைப் பொறுத்துக்கொள்ளுமாறு கட்டளையிட அவனுக்கு உரிமையில்லை. அதாவது தவக்குல் என்பது தன்னைக் குறித்து மேற்கொள்ள வேண்டிய ஒன்று, பிறர்மேல் ஏவத்தக்கதன்று. தன் மனைவி மக்கள்மீதே ஏவ இயலாத ஒன்றைப் பிறர் மனைவி மக்கள்மீது ஏவுவது எங்ஙனம் கூடும்?

இமாமிடம் ஒரு வினா

இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட நூல் எவ்வாறு தவறாக வாசிக்கப்பட்டது? குற்றம் முழுவதையும் வாசகர்மீது சுமத்திவிட இயலாது. நூலின் அமைப்பிலேயே அதற்கு இடம் இருக்கிறது என்பதை மரியாதையுடன் சுட்ட விரும்புகிறேன்.

முதலாவது, நிகழ்ச்சிகளின் வலிமை. ஹிஜ்ரி 386இல் மறைந்த அபூதாலிப் அல்-மக்கீ (ரஹ்) அவர்களின் ‘கூத்துல் குலூப்’ போன்ற முந்தைய நூல்களிலிருந்து பெற்ற ஸூஃபிகளின் வரலாறுகள் வாதத்தின் இடையிடையே வருகின்றன. நிபந்தனை ஒரு வாக்கியத்தில் முடிகிறது. கதை ஒரு பக்கம் நீள்கிறது. கேட்பவர் நினைவில் நிபந்தனை நிற்பதில்லை, கதையே நிற்கிறது. இமாம் இதை உணராதவரல்லர். ஊரைத் துறந்து மலையடிவாரத்தில் அமர்ந்து, இறைவன் ரிஸ்கைக் கொண்டுவரும் வரை எவரிடமும் கேட்பதில்லை என்றிருந்த துறவி ஏழு நாளில் சாகும் நிலையடைந்தார்; மக்கள் நடுவே சென்று அமரும்வரை உணவில்லை என்று அவருக்கு அறிவிக்கப்பட்டது என்றொரு நிகழ்ச்சியையும் அவரே எழுதியிருக்கிறார். அடியார் கையால் அடியார்க்கு உணவளிப்பதே இறைவன் விரும்பிய ஏற்பாடு என்பது அதன் கருத்து. ஆயினும் இந்நிகழ்ச்சியை நம் மேடைகளில் நான் கேட்டதில்லை.

இரண்டாவது, தரவரிசை. கவ்வாஸைப் போன்று பாலையில் திரிவோர் முதல் நிலை. ஊருக்குள் வீட்டிலோ பள்ளிவாசலிலோ அமர்ந்திருப்போர் இரண்டாம் நிலை. வெளியே சென்று ஒழுக்கத்துடன் பொருளீட்டுவோர் மூன்றாம் நிலை என இமாம் அடுக்குகிறார். இம்மூன்றாம் நிலைக்கு அவர் காட்டும் சான்று யார்? அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்கள். கலீஃபாவாகப் பொறுப்பேற்ற பின்பும் துணிமூட்டையுடன் கடைத்தெருவுக்குச் சென்ற அவர்கள் தவக்குலின் நிலையில் இல்லை என்று சொல்ல இயலாது, அந்நிலைக்கு அவர்களைவிடத் தகுதியானவர் யார் என்று இமாமே வினவுகிறார். உம்மத்தின் தலைசிறந்தவர் மூன்றாம் படியில் நிற்பாரானால், அந்த ஏணியின் அளவுகோல்தான் என்ன? பொருளையும் ஆற்றலையும் உள்ளம் சார்ந்திருக்கிறதா இல்லையா என்பதே அளவுகோல் என்றால், பாலையும் கடைத்தெருவும் படிகளாக இருக்க முடியாது, இரண்டும் இடங்களே. இமாமின் வாதம் இந்த முடிவை நோக்கிச் செல்கிறது. அவருடைய அட்டவணையோ முந்தைய வழக்கிலேயே நின்றுவிடுகிறது. நம் பேச்சாளர்கள் வாதத்தை விட்டு அட்டவணையைப் பிடித்துக்கொண்டனர்.

இந்த முரணைத் தீர்த்தவர், ஹிஜ்ரி 709இல் கெய்ரோவில் மறைந்த இப்னு அதாவுல்லாஹ் அல்-இஸ்கந்தரீ (ரஹ்) அவர்கள் என்பது என் கருத்து. தமிழகக் கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் ஷாதுலிய்யா தரீக்கா வேரூன்றியிருப்பதால் அவருடைய ‘ஹிகம்’ நமக்கு அந்நியமன்று. அல்லாஹ் ஒருவனைத் தொழிலில் நிறுத்தியிருக்க, அவன் துறவை விரும்புவது மறைவான மன இச்சை என்று அந்நூலின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். கல்வியை விட்டு ஒதுங்க எண்ணித் தம் குருநாதர் அபுல் அப்பாஸ் அல்-முர்ஸீ (ரஹ்) அவர்களிடம் சென்றபோது, இருக்கும் இடத்திலேயே இருக்குமாறு அவர் அறிவுறுத்தியதைத் ‘தன்வீர்’ என்னும் நூலில் பதிவு செய்திருக்கிறார். திட்டமிடலைக் கைவிடுவது பற்றிய நூல் என்றே அதன் தலைப்பு சொல்லும். உள்ளே அவரோ திட்டமிடலைப் புகழத்தக்கது, இகழத்தக்கது என இரண்டாகப் பிரிக்கிறார். தலைப்போடு நின்றுவிட்டவருக்கு இப்பிரிவு தெரியாது. இங்கே ஏணி இல்லை. நிறுத்தப்பட்ட இடத்தில் ஒழுக்கத்துடன் நிற்பதே உண்டு.

ஃபிக்ஹு அறிஞர்களின் குரல்

ஸூஃபி மரபுக்கு வெளியிலும் இவ்விவாதம் நெடுங்காலம் நடந்தது. இமாம் அபூஹனீஃபாவின் மாணவர் முஹம்மத் இப்னுல் ஹஸன் அஷ்-ஷைபானீ (மறைவு ஹி. 189) ‘கிதாபுல் கஸ்ப்’ என்று பொருளீட்டலுக்கே தனி நூல் இயற்றினார். கல்வி தேடுவது கடமையாவதைப் போன்றே பொருள் தேடுவதும் கடமை என்பது அதன் தொடக்க நிலைப்பாடு. கூலி வேலை, வணிகம், வேளாண்மை, கைத்தொழில் என வழிகளை நான்காக வகுக்கிறது அந்நூல். ஹன்பலீ அறிஞர் அபூபக்ர் அல்-கல்லால் (மறைவு ஹி. 311), வேலையை விட்டுவிட்டுத் தவக்குல் என்று வாதிடுவோரை மறுப்பதாகத் தலைப்பிலேயே அறிவிக்கும் நூலைத் தொகுத்தார். யமன் நாட்டார் கட்டுச்சோறின்றி ஹஜ்ஜுக்குப் புறப்பட்டுத் தம்மைத் தவக்குல் உடையோர் என்று கூறிக்கொண்டு, மக்காவை அடைந்ததும் மக்களிடம் இரந்ததையும், வழிச்செலவுக்குரியதை எடுத்துக்கொள்ளப் பணிக்கும் இறைவசனம் (2:197) அதையொட்டி அருளப்பட்டதையும் இப்னு அப்பாஸ் (ரலி) வாயிலாகப் புகாரி பதிவு செய்கிறது. பறவைகள் காலையில் வெறும் வயிற்றுடன் சென்று மாலையில் நிறைந்த வயிற்றுடன் திரும்புவதைக் கூறும் திர்மிதீயின் ஹதீஸிலும், அவை கூட்டைவிட்டுப் புறப்படுகின்றன என்பதைக் காணத் தவறலாகாது.

ஸூஃபிகள் தொழில் வெறுத்தவர்கள் என்ற எண்ணமும் பிழையே. அவர்களின் பெயர்களே தொழில்களின் பட்டியல். ஹத்தாத் என்றால் கொல்லர். கஸ்ஸார், துணி வெளுப்பவர். கர்ராஸ், தோல் தைப்பவர். வர்ராக், நூல்களைப் படியெடுப்பவர். கவ்வாஸ் என்ற சொல்லுக்கே பேரீச்ச ஓலை முடைபவர் என்பது பொருள்.

மறந்துபோன நிபந்தனை

இனி 13ஆவது நூலுக்கு வருவோம். பொருளீட்டாமல் இருப்பது யாருக்குச் சிறந்தது என்ற வினாவை அங்கே இமாம் எழுப்பி, நால்வரைக் குறிப்பிடுகிறார்: உடலால் வணக்கத்தில் ஈடுபட்டவர், அகநிலைகளில் மூழ்கியவர், மக்களுக்குப் பயனுள்ள மார்க்கக் கல்வியைப் போதிப்பவர், நீதிபதியைப் போன்று முஸ்லிம்களின் பொதுக்காரியத்தில் ஈடுபட்டவர். இமாமும் மதரஸா ஆசிரியரும் இவ்வட்டத்துக்குள் வருவர். ஆனால் இமாம் கஸ்ஸாலி இதை நிபந்தனையின்றிக் கூறவில்லை. பொதுநலனுக்கென ஒதுக்கப்பட்ட நிதியிலிருந்தோ வக்ஃபுகளிலிருந்தோ இவர்களுக்குப் போதுமான அளவு வழங்கப்படுமானால், பொருளீட்டுவதைவிடத் தம் பணியிலேயே ஈடுபடுவது சிறந்தது என்கிறார். சான்றாக அதே அபூபக்கர் (ரலி) அவர்களையே காட்டுகிறார். அவர்கள் வணிகத்தைக் கைவிட்டது வெறும் உபதேசத்தால் அன்று. தோழர்கள் கலந்தாய்ந்து பொதுநிதியிலிருந்து அவர்களின் குடும்பத்துக்குப் போதியதை நிர்ணயித்ததால் ஆகும்.

ஒரே நிகழ்ச்சி இரு நூல்களிலும் வருகிறது. தவக்குல் நூலில் அது உழைப்பவரின் உள்ளத்தைப் பற்றியது. பொருளீட்டல் நூலில் அது அவரை நியமித்தவர்களின் கடமையைப் பற்றியது. முதற்பாதியை நாம் இமாம்களுக்கு ஓதினோம். இரண்டாம் பாதியை நிர்வாகிகளுக்கு ஓத மறந்தோம்.

கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் சொந்த வாழ்வும் இதற்குச் சாட்சி. ஹிஜ்ரி 488இல் (கி.பி. 1095) பக்தாத் நிழாமிய்யாவின் பேராசிரியர் பதவியைத் துறந்து வெளியேறியபோது, தம் செல்வத்தைப் பகிர்ந்தளித்தாலும், தமக்குப் போதியதையும் பிள்ளைகளின் உணவுக்கானதையும் வைத்துக்கொண்டதாக ‘அல்-முன்கித்’ நூலில் அவரே கூறுகிறார். இராக்கின் செல்வம் முஸ்லிம்களுக்கான வக்ஃபு என்பதையும், அறிஞர் ஒருவர் தம் குடும்பத்துக்காகப் பெறத்தக்க பொருள்களில் அதைவிடச் சிறந்ததைத் தாம் காணவில்லை என்பதையும் காரணமாகச் சொல்கிறார். துறவு பூண்ட நாளிலும் பிள்ளைகளின் கணக்கை அவர் மறக்கவில்லை.

நம் நாட்டில் இமாம்களின் ஊதியம் நீதிமன்றம் வரை சென்றது. இமாமத் ஊதியம் பெறும் பணியன்று என்ற வாதத்தை ஏற்காமல், வக்ஃபு வாரியங்கள் ஊதியம் வழங்க வேண்டுமென 1993இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் இமாம் எழுதி வைத்ததைச் சொல்ல நமக்கு நீதிமன்றம் தேவைப்பட்டது என்பது சிந்திக்கத்தக்கது. வேலை வாங்கிக்கொண்டு கூலியைக் கொடாதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் அறிவிக்கும் ஹதீஸ் குத்ஸீ புகாரியில் உள்ளது. அந்த வழக்கில், தொழிலாளிக்குத் தவக்குல் இல்லை என்பது ஒரு மறுவாதமாகுமா?

இதற்கு எதிராக ஒன்று கூறப்படலாம். சிற்றூர் ஜமாஅத்துகளில் வருவாயும் குறைவு; நிர்வாகிகளும் கைப்பொருளைச் செலவிட்டே பள்ளியை நடத்துகின்றனர். உண்மையே. அவ்வாறாயின் நேர்மையாகச் செய்ய வேண்டியது, எங்களால் இவ்வளவே இயலும், மீதியை நீங்கள் ஹலாலான தொழிலால் ஈட்டிக்கொள்ளுங்கள் என்று வழிவிடுவதாகும். போதியதையும் கொடாமல், தைக்கவும் விடாமல், இடையே தவக்குலை நிறுத்துவதற்கு இஹ்யாவில் ஆதாரம் இல்லை.

பூமியில் ஊரும் எவ்வுயிருக்கும் ரிஸ்கு அல்லாஹ்வின் பொறுப்பு (11:6) என்பது நம் ஈமான். அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அப்பொறுப்பை நிறைவேற்ற அவன் நம் கைகளையும் பயன்படுத்துகிறான் என்பதும் அவன் ஏற்பாடே. தன் வறுமையில் ஒருவர் இவ்வசனத்தைத் தனக்கு ஓதிக்கொள்ளும்போது அது தவக்குல். கொடுக்க வேண்டியவர் பெற வேண்டியவருக்கு அதை ஓதும்போது அது வேறொன்று.

இப்போதெல்லாம் 35ஆவது நூலைத் தொடங்குமுன் 13ஆவது நூலின் முதல் அத்தியாயத்தை நடத்திவிடுகிறேன். சென்ற முறை விடுமுறையில் ஊர் வந்திருந்த அந்த மாணவர் என்னைக் காண வந்தார். அன்று சொன்ன அறிவுரை குறைபாடுடையது என்று ஒப்புக்கொண்டேன். “அன்று நீங்கள் சொன்னது கஸ்ஸாலி இமாம் சொன்னதுதானே ஹஸ்ரத்?” என்று கேட்டார். பாதியைத்தான் சொன்னேன் என்று கூறி, ஊசி பற்றிய வரியைக் கிதாபில் காட்டினேன். அவர் அதை இரண்டு முறை வாசித்தார். அவர் இருந்த பள்ளியில் இன்று வேறோர் இளம் ஆலிம் இமாமாக இருக்கிறார். அவரும் என் மாணவரே. அவருக்கேனும் நூலின் இரு பாதிகளும் கிடைக்க அல்லாஹ் அருள்வானாக.